கேட்டவரிடம் சொன்னதும் பெட்டியில் போட்டதும்

2024 ஜூன் 1, சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் எக்ஸிட் போல் வந்தது. ஆளும் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றார்கள், சிலர் 400 என்றார்கள். ஜூன் 4 எண்ணி முடித்தபோது வந்தது 293. மறுநாள் எங்கள் பிராஞ்சில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுதான். நான் இந்தூருக்கு மாற்றலாகி வந்தது 2023இல். இங்கே டிபன் டப்பாவைத் திறக்கும்போதே அரசியலையும் திறந்துவிடுவார்கள். எங்கள் ஹெட் கேஷியர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கும் பெரியவர், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "லோக் ஜூட் போல்தே ஹைன்." ஜனங்கள் பொய் சொல்கிறார்கள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆனால் பி.காம் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. கணக்கு டேலி ஆகவில்லை என்றால், "யாரோ திருடிவிட்டார்கள்" என்பதை முதல் காரணமாக ஏற்க மனசு வராது. முதலில் லெட்ஜரைப் புரட்டிப் பார்க்கத் தோன்றும். அப்படிப் புரட்டியதில் நான் போய் நின்ற இடம் 1982ஆம் வருஷத்துக் கலிஃபோர்னியா. "ஜனங்கள் பொய் சொல்கிறார்கள்" என்ற விளக்கத்துக்கு உலகத்திலேயே பெரிய உதாரணமாகக் காட்டப்படும் தேர்தல் அதுதான். நம்மூரில் அதைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். அமெரிக்காவில் கவர்னர் என்றால் நம் ராஜ்பவனில் இருக்கும் ஆளுநர் இல்லை. டெல்லியிலிருந்து நியமிக்கப்படுகிறவர் இல்லை. அந்த மாநிலத்து மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். அதிகாரத்தைப் பார்த்தால் நம் முதலமைச்சர் மாதிரி. எம்.எல்.ஏ. கணக்கு, கூட்டணிக் கணக்கு எதுவும் கிடையாது. மாநிலம் முழுக்க விழும் ஓட்டில் யாருக்கு அதிகமோ அவர் கவர்னர். ஆகவே கருத்துக்கணிப்பு நடத்துகிறவருக்கு இது நம்மூரைவிடச் சுலபமான வேலை. இங்கே ஓட்டு சதவீதத்தைக் கண்டுபிடித்த பிறகு அதை சீட்டாக மாற்றும் வித்தை வேறு இருக்கிறது. அங்கே சதவீதம் தெரிந்தால் போதும்.

1982இல் அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டாம் பிராட்லி. 1917இல் டெக்சாஸ் மாநிலத்தில் கால்வர்ட் என்ற ஊர்ப்பக்கம் பிறந்தவர். அப்பா பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிர் செய்த கூலி விவசாயி. தாத்தா காலத்தில் அடிமை வாழ்க்கை. குடும்பம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்தது. பிராட்லி 1940இல் அந்த நகரப் போலீசில் சேர்ந்தார், வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தார், லெஃப்டினன்ட் வரை வந்து 1961இல் வெளியே வந்தார். 1963இல் நகர மன்ற உறுப்பினர். 1969இல் மேயர் தேர்தலில் நின்று, முதல் சுற்றில் அப்போதைய மேயர் சாம் யார்ட்டியை வெகுவாக முந்திவிட்டு, இரண்டாவது சுற்றில் தோற்றார். கறுப்பர் ஒருவர் மேயரானால் என்ன ஆகும் என்ற பயத்தைக் கிளப்பித்தான் யார்ட்டி அந்தச் சுற்றை ஜெயித்தார். 1973இல் பிராட்லி திரும்ப நின்று ஜெயித்தார். அப்போது லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினத்தவர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது மற்றவர்கள் போட்ட ஓட்டு இல்லாமல் அவர் ஜெயித்திருக்கவே முடியாது.

எதிரே குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டுக்மேஜியன். மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல். அர்மீனிய வம்சாவளிக் குடும்பம். மேடையில் ஜொலிக்கிற ஆள் இல்லை, குற்றவாளிகளுக்குக் கடும் தண்டனை என்பதே அவருடைய பிரசாரம்.

மூன்றாவதாக இந்தக் கதையில் ஒருவர் உண்டு, அவர் தேர்தலில் நிற்கவில்லை. மெர்வின் ஃபீல்ட். 1947இல் இருந்து கலிஃபோர்னியாவில் கருத்துக்கணிப்பு நடத்தி வந்தவர். "ஃபீல்ட் போல்" என்றால் அந்த மாநிலத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி. 35 வருஷத்து நம்பிக்கை. அவருடைய கடைசிக் கணிப்பில் பிராட்லி 7 புள்ளி முன்னணியில் இருந்தார். நவம்பர் 2ஆம் தேதி ஓட்டுப்பதிவு. வாக்குச்சாவடி வாசலில் நின்று கேட்ட எக்ஸிட் போலும் பிராட்லி என்றே சொன்னது. சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையின் ஒரு பதிப்பு பிராட்லி ஜெயிப்பார் என்று கணித்துத் தலைப்பே போட்டுவிட்டது.

எண்ணி முடித்தபோது டுக்மேஜியன் 38,81,014. பிராட்லி 37,87,669. வித்தியாசம் 93,345. மொத்தம் விழுந்தது சுமார் 78 லட்சம் ஓட்டு. ஒன்றேகால் சதவீதம்கூட வராத வித்தியாசத்தில் பிராட்லி தோற்றார்.

*

அப்போதிருந்தே விளக்கம் தயாராக இருந்தது. வெள்ளைக்கார வாக்காளர்களில் ஒரு பகுதி கணிப்பாளரிடம் "பிராட்லிக்கு" என்று சொல்லிவிட்டு, திரைமறைவில் வேறு மாதிரி குத்திவிட்டார்கள். கறுப்பருக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லக் கூச்சம். அதற்குப் "பிராட்லி விளைவு" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இதற்குச் சாட்சியும் இருந்தது. டுக்மேஜியனின் பிரசார மேலாளர் பில் ராபர்ட்ஸ், தேர்தலுக்குச் சில வாரம் முன்பு நிருபர்களிடமே சொன்னார்: நாங்கள் 5 புள்ளி வரை பின்தங்கியிருந்தாலும் ஜெயிப்போம், ஏனென்றால் ஜனங்கள் மனசில் இருப்பதைக் கணிப்பாளரிடம் சொல்வதில்லை என்கிற அர்த்தத்தில். பெரிய கூச்சல் ஆகி அவர் அந்த வேலையை விட்டுப் போக வேண்டியதாயிற்று. ஆனால் முடிவு வந்தபோது அவர் சொன்னதுதான் நடந்த மாதிரி இருந்தது.

சரி, இப்போது லெட்ஜரைப் பார்ப்போம்.

காலேஜில் பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் நாங்கள் படித்த சூத்திரம் இன்றும் நினைவிருக்கிறது. ஆயிரம் பேரைக் கேட்டால் பிழை வரம்பு மேலும் கீழும் சுமார் 3 சதவீதம். நாலாயிரம் பேரைக் கேட்டால் அது ஒன்றரை. சாம்பிளை நாலு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும். இது ஒவ்வொருவருடைய சதவீதத்துக்குமான பிழை. இரண்டு பேருக்கு நடுவில் உள்ள இடைவெளிக்கு இல்லை. ஒருவருக்கு 3 கூடி மற்றவருக்கு 3 குறைந்தால் இடைவெளி 6 மாறிவிடும். எனவே 7 புள்ளி முன்னணி என்பது பேப்பரில் தெரிகிற அளவுக்குப் பத்திரமான முன்னணி இல்லை. "இன்னும் முடிவு பண்ணவில்லை" என்று சொன்னவர்களையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் நழுவும்.

அதைவிட முக்கியம், அந்த 3 சதவீதம் எதற்கான பிழை என்பது. ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் எடுத்ததால் வரும் பிழைக்கு மட்டும்தான் அது. கதவைத் திறக்காதவர், போனை எடுக்காதவர், ஓட்டே போடப் போகாதவர், மனசை மாற்றிக்கொள்ளப் போகிறவர், மரியாதைக்காகப் பதில் சொன்னவர் யாரும் அந்தச் சூத்திரத்துக்குள் வரமாட்டார்கள். எங்கள் தொழிலில் சொல்வதானால், ஸ்டாக் ஸ்டேட்மென்டில் கூட்டல் சரியாக இருப்பதும் குடோனில் மூட்டை இருப்பதும் வேறு வேறு. பிழை வரம்பு கூட்டலுக்குத்தான் உத்தரவாதம். மூட்டைக்கு இல்லை.

இனி 1982இல் குடோனில் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

முதலாவது, தபால் ஓட்டு. கலிஃபோர்னியாவில் 1978இல் சட்டம் மாறி, காரணம் எதுவும் சொல்லாமலே யார் வேண்டுமானாலும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்று ஆகியிருந்தது. இதன் அருமை குடியரசுக் கட்சிக்குத்தான் முதலில் புரிந்தது. தங்கள் ஆதரவாளர்களுக்குத் தபால் ஓட்டு விண்ணப்பத்தைப் பெருமளவில் வீட்டுக்கே அனுப்பி வைத்தார்கள். அந்தத் தேர்தலில் ஐந்து லட்சத்துக்கு மேல் தபால் ஓட்டு விழுந்தது. அதில் டுக்மேஜியன் வெகுவாக முந்தினார். தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் விழுந்த ஓட்டை மட்டும் எண்ணினால் முன்னால் நின்றவர் பிராட்லி! அதாவது சாவடி வாசலில் நின்று கேட்ட எக்ஸிட் போல் யார் ஜெயிப்பார் என்பதில் அந்த வாசலைப் பொறுத்தவரை சரிதான். வாசலுக்கே வராதவர்களைத்தான் அது விட்டுவிட்டது.

இரண்டாவது, துப்பாக்கி. அதே நாளில் அதே ஓட்டுச்சீட்டில் "முன்மொழிவு 15" என்று ஒன்று இருந்தது. கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற யோசனை. பிராட்லி அதை ஆதரித்தார், டுக்மேஜியன் எதிர்த்தார். மத்தியப் பள்ளத்தாக்கு விவசாயப் பகுதிகளிலும் கிராமப்புறங்களிலும் இதைத் தோற்கடிக்கவே கூட்டம் கூட்டமாக வந்து ஓட்டுப் போட்டார்கள். யோசனை சுமார் 63க்கு 37 என்று தோற்றது. வந்தவர்கள் சும்மா போகவில்லை, கவர்னர் கட்டத்திலும் முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். "யார் ஓட்டுப் போட வருவார்கள்" என்ற கணிப்பாளரின் அனுமானத்தை இது புரட்டிப்போட்டது.

மூன்றாவது, கடைசி நாட்கள். டுக்மேஜியனுக்காகக் கணிப்பு நடத்திய லான்ஸ் டாரன்ஸ் 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் உள் கணிப்புகளில் இடைவெளி கடைசி வாரங்களில் கரைந்துகொண்டே வந்து முடிவில் ஏறக்குறைய சமமாகிவிட்டது, எனவே பிராட்லி விளைவு என்பதே கட்டுக்கதை என்றார். அவர் ஜெயித்த கட்சிக்காரர், இனவெறியால் ஜெயித்தோம் என்ற பெயர் அவருக்குப் பிடிக்காதுதான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அவருடைய எண்கள் யோசிக்க வைக்கின்றன.

ஆக, ஒரு பெரிய பற்றை "பொய்" என்ற ஒரே தலைப்பில் எழுதி முடித்துவிட்டார்கள். உண்மையில் அது நாலைந்து சின்னப் பற்றுகள். தபால் ஓட்டு என்ற ஒன்றை மட்டும் ஃபீல்டின் குழு கணக்கில் எடுத்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும். "ஜனங்கள் பொய் சொன்னார்கள்" என்பதில் கணிப்பாளருக்கு ஒரு வசதி உண்டு. தன் புத்தகத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை.

*

அப்படியானால் பிராட்லி விளைவு என்று ஒன்று இல்லவே இல்லையா? எனக்கும் அப்படிச் சொல்லி முடிக்கத்தான் ஆசையாக இருந்தது. ஆனால் 1989 விடவில்லை.

அந்த வருஷம் வர்ஜீனியா மாநில கவர்னர் தேர்தல். அடிமைகளின் பேரனான டக்ளஸ் வைல்டர் ஒரு பக்கம், மார்ஷல் கோல்மன் மறுபக்கம். கணிப்புகளில் வைல்டர் நல்ல முன்னணி. ஒரு எக்ஸிட் போல் 10 புள்ளி என்றது. எண்ணியபோது ஜெயித்தார், ஆனால் சுமார் 18 லட்சம் ஓட்டில் வெறும் 6,741 வித்தியாசத்தில். அமெரிக்க வரலாற்றில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின கவர்னர் அவர்தான். இத்தனை பெரிய விஷயம் அரை சதவீதத்துக்கும் கீழே ஊசலாடியது.

அந்தத் தேர்தலில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பதில் சொன்னவர் யார் என்று மட்டும் பார்க்காமல், கேள்வி கேட்டவர் யார் என்றும் பிரித்துப் பார்த்தார்கள். கேட்டவர் கறுப்பினத்தவர் என்றால், வெள்ளையர்கள் "வைல்டருக்கு" என்று சொன்ன அளவு 8 முதல் 11 புள்ளி வரை கூடியிருந்தது. அதே கேள்வி, அதே மாநிலம், அதே வாரங்கள். கேட்கிற குரல் மாறினால் பதில் மாறுகிறது.

இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இதைப் பொய் என்று சொல்வதே சரியா? எதிரே நிற்பவர் மனசு நோகக்கூடாது என்பதும் அதில் இருக்கிறது, தன்னைப் பற்றித் தனக்கே உள்ள நல்ல அபிப்பிராயத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் இருக்கிறது. நம் ஊரில் இதை நாகரிகம் என்றுதான் சொல்வோம்.

பிறகு காலம் மாறியது. டேனியல் ஹாப்கின்ஸ் என்ற ஆய்வாளர் 1989 முதல் 2006 வரை நடந்த கவர்னர், செனட் தேர்தல்களை எடுத்து அலசினார். தொண்ணூறுகளின் பாதிவரை இந்த இடைவெளி இருந்தது, அதற்குப் பிறகு மறைந்துவிட்டது என்றார். 2008இல் ஒபாமா நின்றபோது எல்லோரும் பிராட்லியின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். கடைசிக் கணிப்புகளின் சராசரியும் முடிவும் ஏறக்குறைய ஒன்றாகவே, 7 புள்ளி சுமாருக்கு வந்து நின்றன.

பிராட்லி 1986இல் மறுபடி டுக்மேஜியனை எதிர்த்து நின்று 20 புள்ளிக்கு மேல் தோற்றார். அதில் எந்த மர்மமும் இல்லை. ஆனால் மேயராக 1993 வரை, இருபது வருஷம் இருந்தார். 1984 ஒலிம்பிக்ஸை நடத்திக்காட்டினார். 1998இல் இறந்தார். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் சர்வதேச முனையத்துக்கு அவர் பெயர்தான். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு அதன் வழியாகத்தான் வெளியே போகிறார்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு தேர்தலில் தோற்றதே புள்ளியியலில் ஒரு அத்தியாயம் ஆகியிருக்கிறது என்று தெரிந்து போகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

கூச்சத்துக்கு மருந்து இல்லாமல் இல்லை. வாயால் கேட்காமல் ஒரு மாதிரிச் சீட்டைக் கொடுத்து, மடித்துப் பெட்டியில் போடச் சொல்லலாம். நம் டெல்லி லோக்நிதி அமைப்பு தேர்தல் ஆய்வுகளில் இப்படி டம்மி சீட்டும் பெட்டியும் கொண்டுபோவார்கள். கேட்டவருக்கே பதில் தெரியாது. அவ்வளவு எளிய ஏற்பாடு. ஆனால் வீடு வீடாகப் போக வேண்டும், காசும் நாளும் ஆகும்.

*

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இதை எழுத உட்கார்ந்த காரணத்தைச் சொல்லாமல் போனால் நானும் கணிப்பாளரிடம் பதில் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் போஹா ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்த நேரம், ஒரு காலேஜ் பெண் கதவைத் தட்டினாள். ஏதோ பிராஜக்டுக்காக வீட்டு வாடகை பற்றி சர்வே. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் முஸ்லிம் பெயர். பத்துப் பன்னிரண்டு கேள்வி. "உங்களுக்குச் சொந்த வீடு இருந்தால் எந்த மதம், எந்த ஜாதி என்றாலும் வாடகைக்குக் கொடுப்பீர்களா?" என்று இந்தியில் கேட்டாள். யோசிக்கவே இல்லை. "கண்டிப்பா. மனுஷங்கதானே முக்கியம்" என்றேன். டிக் அடித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

கதவைச் சாத்தியதும் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்தப் பொண்ணுகிட்ட சொன்னது சரி. போன மாசம் திருச்சி வீட்டுக்கு ஆள் பாக்கச் சொல்லி புரோக்கருக்குப் போன் பண்ணீங்களே, அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நம்மாளுங்களாப் பாருங்க" என்று சொல்லியிருந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2023இல் இந்தூர் வந்த புதிதில் முதல் இரண்டு வீட்டுக்காரர்கள், நாங்கள் வீட்டில் மீன் சமைப்போமா என்று கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று சிரித்த முகத்தோடு அனுப்பி வைத்தார்கள். சொல்லியே அனுப்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறாமலே திருச்சி புரோக்கருக்குப் போன் பண்ணியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னேனா? சொல்லும்போது மனசார நம்பித்தான் சொன்னேன். அவள் படிவத்தில் அது ஒரு நேர்மையான பதிலாகத்தான் பதிவாகியிருக்கும். 1982இல் எத்தனை பேர் ஓட்டைச் சொன்னபடி போடவில்லை என்பதற்கு இன்றுவரை விவாதம் நடக்கிறது, நானே மேலே பாதிக்கு மேல் அவர்களுக்கு வக்காலத்து வாங்கிவிட்டேன். ஆனால் ஒருவன் இருந்தான் என்பதற்கு எனக்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை.

திருச்சி வீட்டில் இப்போது இருப்பவர்களின் ஒப்பந்தம் வரும் ஆடியோடு முடிகிறது. புரோக்கர் மறுபடி போன் பண்ணுவார். என்ன மாதிரி ஆள் வேண்டும் என்று கேட்பார். பெட்டியில் போடும் சீட்டு அதுதான். அந்தப் பெண்ணிடம் சொன்னதையே அவரிடமும் சொல்ல வேண்டும். சொன்னேனா என்று மனைவி கேட்பாள்.